நிலவறைத் திணை: பெல்லட் பாய்லர் தேர்வு குறித்த ஓர் ஆராய்ச்சி

நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையைக் கணக்கில் கொள்ளவில்லை. கொள்ளவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. பனிக்காலத்தைப் போர்வையோடு கடந்தவர்கள். ஆனால் மேல் ஆஸ்திரியா மாநிலத்துக்குப் போகும் ஆராய்ச்சியாளர் ஆறாவது திணை ஒன்றை ஏற்காமல் திரும்ப முடியாது. அதற்கு முதற்பொருள் நிலவறையும் உறைபனியும். கருப்பொருள் மரத்தூள் குச்சி, சாம்பல் பெட்டி, புகைபோக்கி துடைப்பவர். உரிப்பொருள், பாய்லர் தேர்தலும் தேர்தல் நிமித்தமும்.

முதலில் பெல்லட் என்பது யாது எனின், மரம் அறுக்கும் ஆலையில் மிஞ்சும் தூளை, மாட்டுத் தீவனம் பிழியும் எந்திரத்தின் உறவுக்கார எந்திரம் ஒன்றில் நெருக்கிப் பிழிந்த குச்சி. வீட்டு பாய்லருக்கானது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன். பிழியும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, தானே பசையாகிவிடுகிறது. 2 கிலோ பெல்லட் ஏறக்குறைய ஒரு லிட்டர் எரியெண்ணெய்க்குச் சமம். இத்திணையின் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு வாய்ப்பாட்டின் மேல் நிற்பவை.

வரலாறு சுருக்கமானது. 1973 எண்ணெய் நெருக்கடி மேலை நாட்டார் வயிற்றில் புளியைக் கரைத்தது. அமெரிக்காவில் விமானப் பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்டு 1980களில் வீட்டுக்கான பெல்லட் அடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதே குச்சியை 1990களில் ஆஸ்திரியர்கள் நிலவறைக்கு இறக்கி, முழு வீட்டையும் சூடாக்கும் தானியங்கி பாய்லருக்குத் தீனியாக்கினார்கள். 2020 முதல் அங்கே புது வீடுகளில் எண்ணெய் பாய்லர் பொருத்தச் சட்டத்திலேயே தடை.

இனி ஆய்வின் கருதுகோள்: பாய்லர் விளம்பரத் தாளில் எது மிகப் பெரிய எழுத்தில் அச்சாகிறதோ, அது தேர்வுக்கு மிகக் குறைவாக உதவும்.

சான்று, செயல்திறன். வெல்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் எரிசக்திக் கண்காட்சியில் அரங்கு அரங்காக நடந்தால் 93, 94, 95 என்று எண்கள் பளிச்சிடும். அந்த ஒரு சதவீத இடைவெளியை வைத்து மாமனாரும் மருமகனும் ஒரு பீர் தீரும் வரை வாதாடலாம். போதாக்குறைக்குச் சில பாய்லர்கள் நூறையும் தாண்டி 105, 106 என்கின்றன. நூற்றுக்கு நூற்றைந்து மதிப்பெண் எப்படி வாங்குவது? வினாத்தாளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டால் போதும். புகையோடு வெளியேறும் நீராவியின் வெப்பத்தை மொத்தத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு அந்த ஆவியைக் குளிரவைத்து வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். வித்தை உண்மையானதே. ஆனால் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டில்தான் அது முழுதாகப் பலிக்கும். பழைய ரேடியேட்டரிலிருந்து சூடாகவே திரும்பிவரும் நீர் ஆவியை எங்கே குளிர்விக்கும்?

அற்றேல், பெரிய பாய்லராக வாங்கிவைத்தால் எதற்கும் பாதுகாப்பன்றோ எனின், அற்றன்று. பழைய எண்ணெய் பாய்லர் 25 கிலோவாட் என்பதால் புதியதும் 25 என்று எழுதிக்கொடுப்பது சோம்பல். ஆண்டுக்கு 2,500 லிட்டர் எண்ணெய் குடித்த வீட்டை எடுத்துக்கொள்வோம். அது 25,000 கிலோவாட்-மணி. முழுவீச்சில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் ஓடுவதாக வைத்தால் 12 கிலோவாட் சொச்சமே போதும். அளவுக்கு மீறிய பாய்லர் பற்றுவதும் அணைவதுமாகவே காலம் தள்ளும். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் மின்சாரச் செலவு, அரைகுறை எரிப்பு, கரி.

இப்போது ஆய்வின் இதயத்துக்கு, அதாவது சேமிப்பறைக்கு வருவோம். விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடப்பது இதுதான். மேற்படி வீட்டுக்கு ஆண்டுக்கு 5 டன் பெல்லட் வேண்டும். கன மீட்டருக்கு 650 கிலோ என்றால் ஏழே முக்கால் கன மீட்டர். குச்சிகள் தாமாகச் சரிந்து, அவற்றை பாய்லருக்குத் தள்ளும் திருகுத் தண்டுக்கு வர, அறையின் அடியில் இருபுறமும் செங்குத்தான பலகைச் சரிவு அமைப்பதால் மூன்றில் ஒரு பங்கு இடம் வீண். ஆக, பதினொன்றரை. ஊர்க் கொத்தனாரோ இவ்வளவு சுற்ற மாட்டார், கிலோவாட்டுக்கு 0.9 கன மீட்டர் என்று வாய்ப்பாடு சொல்லி, 12-க்குக் கிட்டத்தட்ட 11 என்று முடித்துவிடுவார். சாஸ்திரமும் அனுபவமும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது அபூர்வம். பழைய எண்ணெய்த் தொட்டி இருந்த அறையே பெரும்பாலும் போதும்.

டேங்கர் லாரி வரும் நாள்தான் தேர்வின் உண்மையான பரீட்சை. லாரியிலிருந்து குழாய் வழியே காற்றழுத்தத்தில் பெல்லட்டை ஊதுகிறார்கள். இன்னொரு குழாய் தூசிக் காற்றை உறிஞ்சுகிறது. தெருவிலிருந்து அறைக்கு 30 மீட்டருக்கு மேல் என்றால் ஓட்டுநர் முகம் சுளிப்பார், ஏனெனில் போகும் வழியிலேயே குச்சி உடையும். ஊதுவாய்க்கு எதிரே, சுவருக்கு முன்னால், ஒரு ரப்பர் விரிப்பு தொங்கவேண்டும். அது இல்லையென்றால், தரச்சான்றுக்காக 1 சதவீதத்துக்கு மேல் தூள் இல்லாமல் சலித்து அனுப்பிய சரக்கு சுவரில் மோதி மறுபடி மரத்தூளாகிவிடும். பல்லாயிரம் யூரோ பாய்லரின் நலம் அந்த விரிப்பில் தொங்குகிறது. அதற்கு எந்தக் கண்காட்சியிலும் அரங்கு கிடையாது.

ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்வதற்கில்லை. குவிந்து கிடக்கும் பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசியும். நிறமோ மணமோ இல்லாத இந்த வாயுவால் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் சேமிப்பறைக்குள் போனவர்கள் இறந்திருக்கிறார்கள். அறையின் ஊதுவாய்க்குக் காற்றோட்டமுள்ள மூடி கட்டாயம். கதவைத் திறந்து கால்மணி நேரமாவது விட்டுத்தான் உள்ளே போகவேண்டும், தனியாகப் போகக்கூடாது.

இத்திணைக்குரிய ஓசை, உறிஞ்சுகுழல் ஓசை. அறை தள்ளியிருந்தால் பாய்லர் தன் சிறு தொட்டியை நிரப்பிக்கொள்ள வேக்குவம் கிளீனர் போல இரைந்து இழுக்கும். நேரம் குறித்து வைக்காத வீட்டில் அது நள்ளிரவு ஒன்றரைக்கும் இழுக்கும். சாம்பல் அவ்வளவு தொல்லையில்லை. 5 டன்னுக்கு ஒரு மூட்டை தேறினால் அதிகம், அதுவும் தோட்டத்துக்குப் போய்விடும்.

விலையைப் பற்றி ஜோசியம் சொல்ல இவ்வாய்வு முன்வராது. 2006 குளிர்காலத்தில் பெல்லட் விலை எகிற, மறு ஆண்டு பாய்லர் விற்பனை படுத்துவிட்டது. 2022 இலையுதிர் காலத்தில் டன் 600 யூரோவைத் தாண்டியது. முந்தைய ஆண்டைப்போல இருமடங்குக்கும் மேல். கோடையிலேயே அறையை நிரப்பியவர்கள் அந்த ஆண்டு ஊரில் தத்துவம் பேசினார்கள்.

இத்தனை அளந்த பின் பட்டியலில் இரண்டு பாய்லர் மிஞ்சும்; இரண்டும் நல்லவையே. அப்போது கேட்கவேண்டியது, ஜனவரி ஞாயிறு காலையில் பற்றவைக்கும் கம்பி எரிந்துபோனால் வரக்கூடிய மெக்கானிக் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார், அவர் வண்டியில் எந்த நிறுவனத்தின் உதிரிபாகம் கிடக்கிறது என்பதுதான். 2024 ஜனவரியில் சால்ஸ்பர்க் பக்கம் நூறாண்டு கடந்த பாய்லர் நிறுவனம் ஒன்று திவாலானது. அதன் பாய்லர்களின் செயல்திறன் எண் அன்று ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.