கரிசல் சஃபாரி: மக்காச்சோளப் புஞ்சைகளில் விலங்கு காணலும் படம்பிடித்தலும் குறித்த ஓர் ஆராய்ச்சி

உலகில் காட்டு விலங்குகளைப் பார்க்க உட்கார்ந்திருப்போர் இரு வகையினர். காசு கொடுத்துப் பார்ப்பவர் ஒரு வகை. காசை இழந்து பார்ப்பவர் மற்றொரு வகை. முதல் வகையினரைப் பற்றி நூல்கள் உண்டு, திரைப்படங்கள் உண்டு, விமானக் கட்டணச் சலுகைகள்கூட உண்டு. இரண்டாம் வகையினர் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரங்களில் புரட்டாசி விதைப்பு தொடங்கித் தை அறுவடை வரைக்கும் கண்விழித்துக் கிடந்தும் அறிஞர் உலகம் அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்கவே இந்தச் சிற்றாய்வு.

முன்னோர் ஆய்வுகள்

அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து 1909 மார்ச்சில் இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், அதே மாதத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகப் போன அந்தக் கூட்டம் விலங்கு, பறவை என 11,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளோடு திரும்பியது. கூடப்போன மகன் கெர்மிட்டிடம் துப்பாக்கியும் இருந்தது, கேமராவும் இருந்தது. பார்ப்பது, சுடுவது, படமெடுப்பது மூன்றையும் அன்றைக்கு ஒரே ஆள் பார்த்துக்கொண்டார் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

ரூஸ்வெல்ட்டுக்கும் முன்னால் ஜார்ஜ் ஷைராஸ். 1906 ஜூலை மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழில் இவருடைய இரவுப் படங்கள் வந்தன. படகின் முனையில் விளக்கை வைத்து, கண்கூசி நின்ற மான்மீது மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சமடித்து எடுத்தவை. விளக்கைக் காட்டி விலங்கை நிறுத்தும் உத்தி வட அமெரிக்கப் பழங்குடிகளான ஓஜிப்வே வேட்டைக்காரர்களுடையது. தலையில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு முயலுக்குப் போகும் நம் பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால் தாங்களும் ஷைராஸ் பரம்பரை என்று கிளம்பிவிடக்கூடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பரம்பரையை ஏற்பதில்லை.

நம்மவரில் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அகப்பட்ட பாகங்களையெல்லாம் பொருத்தித் தானே ஒப்பேற்றிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் சூட்டி, கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை எழுதினார். அந்தப் பத்தியில் யானைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை அணிலுக்கும்.

மூவரும் மேதைகள்தான். ஆனால் மூவருடைய ஆய்விலும் ஒரு முறையியல் ஓட்டை இருக்கிறது. அவர்கள் பார்த்த விலங்கு எதுவும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய பயிரைத் தின்றுகொண்டிருக்கவில்லை.

பெரிய ஐந்து

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை: ஆப்பிரிக்காவின் ‘பெரிய ஐந்து’ இவை. உடம்பின் பருமனை வைத்துப் போட்ட பட்டியல் இல்லை. அப்படியானால் ஒட்டகச்சிவிங்கி வழக்குப் போட்டிருக்கும். கால்நடையாகப் போய் வேட்டையாட எவை ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் வகுத்தது. அதே அளவுகோலைச் சற்றே திருத்தி, ‘விரட்டுவதற்கு எவை கடினமானவை’ என்று கேட்டால் விளாத்திகுளத்துக்கும் ஐந்து கிடைக்கிறது.

முதலிடம் காட்டுப்பன்றிக்கு, இதில் கருத்து வேறுபாடே இல்லை. தூர்ந்துபோன கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்க, பகலெல்லாம் அதற்குள் படுத்திருக்கும். மக்காச்சோளம் பால்பிடிக்கும் நாள் அதற்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னும் விளங்காத புதிர்; வேளாண்மை அலுவலகத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. குட்டிகளோடு இறங்கி, தட்டையைச் சாய்த்து, ஒரு கதிரைப் பாதி கடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். முழுக்கத் தின்றாலாவது மனசு ஆறும் என்கிறார்கள்.

இரண்டாவது மயில். 1963 முதல் தேசியப் பறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. விதைத்த உளுந்தை முளைக்கும் முன்பே எண்ணிப் பொறுக்கும். எழுந்து நின்று வணக்கம் வைத்துக்கொண்டே துரத்த வேண்டிய ஒரே உயிரினம் இதுதான். மூன்றாவது புள்ளிமான், கோவில்பட்டிக்குத் தெற்கே குருமலைக் காப்புக்காட்டை ஒட்டிய புஞ்சைக்காரர்களைக் கேட்டால் மீதி சொல்வார்கள். நான்காவது முயல். கடித்த தடம் தெரியும், ஆள் தெரியாது.

ஐந்தாம் இடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஆப்பிரிக்காவையும் விளாத்திகுளத்தையும் நேரடியாக இணைக்கும் உயிர் அதுவே. மக்காச்சோளப் படைப்புழு. பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 2016-இல் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, ஓரிரு ஆண்டுகளில் சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான நாடுகளைச் சுற்றிப்பார்த்துவிட்டு, 2018 மே மாதம் கர்நாடகத்தில் தட்டுப்பட்டது. அதே ஆண்டுப் பட்டத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளம் முழுக்கக் குருத்தில் ஓட்டை. இதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. விசா இல்லை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லை. விளாத்திகுளத்துக்காரர் ஆப்பிரிக்கா போய் விலங்கு பார்க்க லட்சக்கணக்கில் செலவாகும்; ஆப்பிரிக்கா பார்த்துவிட்ட விலங்கு அவரைப் பார்க்க வந்ததற்கு ஒரு பைசா செலவில்லை. அதற்கப்புறம் மருந்து வாங்கிய கணக்கு வேறு.

வலசை

செரங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் புல்லைத் தேடி வட்டமடிப்பதைக் காண உலகமே கூடுகிறது. இங்கே பனிக்காலத்தில் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து இளஞ்சிவப்பு உடம்பும் கருந்தலையுமாகச் சூறைக்குருவிகள் வந்து, அந்தி வானத்தில் ஒரே திரளாகச் சுழன்று, காலையில் சோளக்கதிரில் இறங்குகின்றன. அதே புல்வெளிகளிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் கரிசல் வெளியில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு இரவு தரையிலேயே அடைகின்றன. வெட்டுக்கிளியைத் தின்பதால் பூனைப்பருந்தின்மேல் யாருக்கும் புகாரில்லை. புகாரில்லாததால் அதை யாரும் கவனிப்பதுமில்லை.

விளாத்திகுளம் இருக்கும் இதே மாவட்டத்தில் வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறதே, அங்கே போய்ப் படமெடுக்கலாமே என்று கேட்பவர் உண்டு. போகலாம். 1987-இல் அறிவிக்கப்பட்டது, 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம். முறுக்குக் கொம்பும் கருமேனியும் வெள்ளை வயிறுமாக நிற்கும் கலைமான், செரங்கெட்டியில் துள்ளும் தாம்சன் கசெல் மானுக்கு நெருங்கிய பங்காளியும்கூட. ஆனால் அங்கே பார்வையாளர் வேலிக்கு ஒரு பக்கமும் விலங்கு மறுபக்கமும் என்று எல்லாம் ஒழுங்காக இருப்பதால் நம் ஆய்வுக்கு உதவாது.

கருவிகள்

ஆப்பிரிக்கச் சுற்றுலாக்காரர் கூரை திறக்கும் ஜீப், 600 எம்எம் லென்ஸ், அதைத் தாங்க பீன் பேக், காக்கி உடுப்பு ஆகியவற்றோடு கிளம்புகிறார். கருநீலமும் கருப்பும் உடுத்தினால் செட்சி ஈ மொய்க்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பார்கள். பட்டாளத்து இலைதழை உடுப்பு இன்னும் மோசம். ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம். விளாத்திகுளத்தில் போடலாம். ஆனால் உழுதுபோட்ட கரிசலில் பச்சை இலைதழைச் சட்டையோடு ஒருவர் நின்றால் வைப்பாற்றின் அக்கரையிலிருந்தே தெரியும். விலங்குகள் பொறுத்துக்கொள்ளும், நாய்கள் விடாது.

நம் கருவிகளில் தலையானது பரண். அடுத்தது சேலை. புஞ்சையைச் சுற்றிக் கம்பு நட்டு வீட்டிலுள்ள பழைய சேலைகளை வரிசையாகக் கட்டுகிறார்கள். உள்ளே ஆள் இருப்பதாகப் பன்றி நினைத்துக்கொள்ளும் என்பது கோட்பாடு. எந்த நிறத்துக்குப் பன்றி அதிகம் பயப்படுகிறது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபட்ட கொள்கைகள் நிலவுகின்றன. சிவப்புக் கட்சி வலுவானது. மூன்று நாளில் பன்றிக்குச் சேலை பழகிவிடுகிறது, அதன்பின் அது வேலி இல்லை, வாசல் திரை என்று சொல்லும் ஐயவாதிகளும் உண்டு. சலூனில் மூட்டையாக வாங்கிவரும் தலைமுடியை வரப்பில் தூவுவது மற்றொரு முறை. மோந்து மோந்து வரும் பன்றியின் மூக்கில் முடி ஏறி அது திரும்பிவிடும். ஊரார் முடிவெட்டும் வேகத்துக்கும் பன்றிகள் பெருகும் வேகத்துக்கும் ஈடுகட்டவில்லை என்பதே இம்முறையின் ஒரே குறை.

இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி. கென்யா, ஜாம்பியா, ஜிம்பாப்வே பக்கம் மக்காச்சோளத்துக்கு யானை வராமலிருக்க மிளகாயைக் கழிவு எண்ணெயில் குழைத்துக் கயிற்றில் பூசி வேலியாகக் கட்டுகிறார்கள். மிளகாய்த் தூளை யானைச் சாணத்தோடு பிசைந்து காயவைத்துப் புகைமூட்டமும் போடுகிறார்கள். யானை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது. மிளகாய்க்கே பேர்போன விளாத்திகுளத்துக்காரர் இதைக் கேட்டால் நெஞ்சு நிமிரும். அடுத்த நொடியே யானைச் சாணத்துக்கு எங்கே போவது என்ற நடைமுறைக் கேள்வி வந்து நிற்கும்.

நைரோபி தேசியப் பூங்காவின் ஓரத்தில் மாடு மேய்த்த ரிச்சர்ட் டுரேரே என்ற மசாய் சிறுவனையும் இங்கே சொல்ல வேண்டும். ராத்திரியில் சிங்கம் வந்து மாட்டை அடித்துக்கொண்டு போனது. பையன் பழைய பேட்டரியையும் சிறு பல்புகளையும் இணைத்து, மாறி மாறி மின்னும்படி தொழுவத்தைச் சுற்றி மாட்டினான். யாரோ டார்ச்சோடு நடமாடுவதாக எண்ணிச் சிங்கம் ஒதுங்கியது. 2013-இல் டெட் மேடையில் ஏறி அதை உலகத்துக்குச் சொன்னான். நம் புஞ்சைகளிலும் சோலார் மின்னல் விளக்குகள் வந்துவிட்டன. ஷைராஸ் கொளுத்திய வெளிச்சம் விலங்கை நிற்கவைத்துப் படமெடுக்க, டுரேரே கொளுத்தியது நிற்காமல் அனுப்பிவைக்க. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாட்டின் விலை இருக்கிறது.

விளாத்திகுளம் விதி

மேற்கண்ட தரவுகளிலிருந்து இவ்வாய்வாளன் ஒரு விதியை முன்மொழிகிறான். ஒரு விலங்கின் அழகு, பார்ப்பவருடைய சொந்தப் புஞ்சைக்கும் அந்த விலங்குக்கும் உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

சான்று ஒன்று. சென்னையிலிருந்து பொங்கலுக்கு வந்த தம்பி மகன் வரப்பில் குத்தவைத்துக்கொண்டு கேமராவைத் தூக்குகிறார். “பெரியப்பா, மயில் எவ்வளவு அழகா நிக்குது பாருங்க. கொஞ்சம் அசையாம இருங்க.” பெரியப்பா அசையவில்லை. கையை மட்டும் பின்னால் வைத்திருக்கிறார். “நீ படம் புடிச்சு முடிச்சதும் சொல்லுய்யா. கல்ல எறியணும்.”

சான்று இரண்டு. டீக்கடை டிவியில் டிஸ்கவரி ஓடுகிறது. ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி ஒன்று வாலைக் கம்பிபோல் நட்டுக்கொண்டு, குட்டிகள் வரிசையாகப் பின்னால் வர ஓடுகிறது. பிறகு முன்னங்காலை மடித்து மண்டியிட்டுப் புல் மேய்கிறது. முந்தின இரவு முழுக்கப் பரணில் தகரம் தட்டிய அதே பெரியப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார். “என்னா சேட்ட பண்ணுது பாத்தீகளா!” தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். விதி பொருந்துகிறது. தன் மக்காச்சோளத்தை அதே ஜாதிக்குப் பறிகொடுத்த தான்சானியா விவசாயி ஒருவர் அந்த நேரத்தில் நம் மயில்களைத் தொலைக்காட்சியில் பார்த்து மெய்ம்மறந்திருக்க வாய்ப்புண்டு. விதி அப்படித்தான் சொல்கிறது.

படக்கலை

சஃபாரிப் படத்தில் விலங்கு நடுவில் இருக்கும், கண் பளிச்சென்று தெரியும், பின்னணி மங்கும். விளாத்திகுளத்தில் எடுக்கப்படும் காட்டுயிர்ப் படங்களில் பெரும்பான்மை வேறு பள்ளியைச் சேர்ந்தவை. அவற்றில் விலங்கே இருக்காது. சாய்ந்து கிடக்கும் மக்காச்சோளம், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், முகத்தில் வெயில். பன்றி போய் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். இழப்பீட்டு மனுவோடு பட்டா, அடங்கலுக்குப் பக்கத்தில் இணைக்கப்படுவதற்காக எடுத்த படம் அது. பின்னணி மங்கக் கூடாது. எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறது என்று வி.ஏ.ஓ. பார்க்க வேண்டும்.

இடக்குறி விஷயத்திலும் இரு பள்ளிகளும் எதிரெதிர். ஆப்பிரிக்கப் பூங்காக்களில் காண்டாமிருகத்தைப் படமெடுத்தால் எங்கே எடுத்தீர்கள் என்ற ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சுவார்கள், கொம்புத் திருடன் அதைப் பார்த்து வந்துவிடுவான் என்று. இங்கே படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் அச்சாகி வந்தால்தான் மனு நகரும்.

நுண்படக் கலையில் விளாத்திகுளம் யாருக்கும் சளைத்ததில்லை. குருத்துக்குள்ளிருந்து புழுவை நெம்பியெடுத்து, இடது உள்ளங்கையில் விட்டு, வலது கையால் செல்போனைப் பிடித்து, அது நெளிவதற்குள் கிளிக். தலையில் தலைகீழான ‘ஒய்’ குறியும் வால்பக்கம் சதுரமாக நாலு புள்ளியும் தெளிவாக விழுந்தால் படைப்புழு. விழாவிட்டால் மருந்துக்கடைக்காரர் “இன்னொண்ணு எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்கண்ணாச்சி” என்பார். இந்த வகையில் எடுக்கப்பட்ட படங்களில் ஒன்றுகூட இதுவரை எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை.

வருகை தருவோர்க்கு

கரிசல் சஃபாரியில் கலந்துகொள்ள விரும்பும் ஆய்வாளர்களுக்குச் சில ஏற்பாடுகள் சொல்லப்படும். புறப்பாடு இரவு 10 மணி, திரும்புவது விடிந்தபின். வாகனம் இல்லை. மழை பெய்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மண் அதைத் தானாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்க சஃபாரியில் தரும் அந்தி நேரத்து மதுவுக்குப் பதிலாக வேம்பார்க் கருப்பட்டியில் போட்ட காபியும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் தரப்படும். மிட்டாய்த் தாளைப் பரணிலிருந்து கீழே போடக் கூடாது. பன்றி நிச்சயம் வரும். இவ்வளவு உறுதியாக எந்த ஆப்பிரிக்கப் பயண முகவரும் சொல்லமாட்டார். ஆசைதீரப் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்த மறுநொடி தகரத்தைத் தட்ட வேண்டியது விருந்தினரே. தட்டாமல் தூங்கிப்போனவர், காலையில் எடுக்கும் படத்தில் சாய்ந்த தட்டைகளுக்கு நடுவே தானும் நிற்க வேண்டும்; சர்வே எண் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும்.