முதலில் கான், பிறகு கார்

கேள்வி: வீட்டு வாசல்வரை கார் ஏற ஒரு கொங்கிரீட் பாதை போட, மாநகர சபை, மண்சரிவு அறிக்கை என்று அலைய விடுகிறார்களே! என் காணி, என் காசு. இவர்களுக்கு என்ன?
— வாசகர், கண்டி

பதில்: காணி உங்களுடையதுதான். மழைத்தண்ணீர்? உங்கள் முற்றத்தில் விழும்வரை வானத்துடையது. கான் இல்லாத கொங்கிரீட்டில் வழிந்தால் கீழ்வீட்டுக்காரரின் குசினிக்குச் சொந்தம். கண்டியில் உங்கள் வாசல்படி நிற்பதே அவர் கூரை மட்டத்தில்தானே!

வெட்டிய சரிவில் ஊறிய மண் எந்தச் சபையிலும் அனுமதி கேட்டு இறங்குவதில்லை. அதனால்தான் மலை மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கிறார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய கண்டி வாவியின் மிகுதித் தண்ணீருக்கே, மகாவலிக்குப் போக மெத எல என்ற கால்வாய் இருக்கிறது. பிளானில் முதலில் கானைக் கீறுங்கள். காரைப் பிறகு ஏற்றலாம்.