பழங்காநத்தத்துக் கணினிகளில் ஓவர்லே: தோற்றமும் நீக்கமும்

கணினியில் ஒருவன் விளையாடும்போது, அந்த ஆட்டத்தின் மேலேயே கண்ணாடித் தாள் போல விரிந்துகொண்டு, ஆடுவதையெல்லாம் படம் பிடித்துவைக்கும் மென்பொருளுக்கு ‘ஓவர்லே’ என்று பெயர். இச்சொல்லின் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் ஒருவன் அளவு மீறினால் “ரொம்ப ஓவர்லே” என்பது வழக்கு. அதுவே இயந்திரத்துக்கு ஆகிவந்தது என்பார் ஒரு சாரார். பொருளளவில் இது மிகவும் பொருந்தும். ஆயினும், நெல்லையிலிருந்து அல்வாவைத் தவிர வேறெதையும் கடன் வாங்கியதாக மதுரைக்காரர் ஒப்புக்கொள்வதில்லை ஆதலின், அக்கொள்கை இவ்வாய்வில் மறுக்கப்படுகிறது.

ஆய்வுக்களம், மதுரைப் பழங்காநத்தம் ரவுண்டானாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள என் தங்கை வீட்டு மாடியறை. ஆய்வுக்கருவி, மருமகனின் கணினி. அதன் உள்ளே எரியும் விளக்குகளைப் பார்த்தால் சித்திரைத் திருவிழா சீரியல் செட்டில் மிச்சமானதை வாங்கி வைத்துவிட்டானோ என்று தோன்றும்.

இத்தகைய ஆய்வுக்குப் பழங்காநத்தமா என்று கேட்பார்க்கு விடை: பழங்காநத்தமே. இங்கே கோவலன் பொட்டல் என்றோர் இடம் உண்டு. சிலப்பதிகாரத்துக் கோவலன் வெட்டுண்டது அங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களின் தொடக்கத்தில் தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன; சிலம்பு கிடைக்கவில்லை. பதிவு இல்லாததால் ஒரு தலை போன ஊர் இது. அந்த வழக்கை ஓவர்லே நோக்கில் இதுவரை எவரும் ஆராய்ந்திலர். பொற்கொல்லன் அரசியின் சிலம்பைக் களவாடியது முன்பொரு நாள். கோவலன் மாட்டிக்கொண்டது பின்னொரு நாள். ஆகவே, ஓவர்லே போலக் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் வைத்திருக்கும் இயந்திரம் பாண்டியன் அவையில் இருந்திருந்தாலும் பயன்பட்டிராது. கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தன்று மாணிக்கம் என்று காட்டியதே அக்காலத்து ரீப்ளே. அதற்கு ஊரையே எரிக்கும் அளவுக்கு மின்சாரம் செலவாயிற்று.

இனி வரலாறு. 1999இல் ஃப்ராப்ஸ் என்றொரு மென்பொருள் வந்தது. வினாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்பதைத் திரை மூலையில் மஞ்சள் எண்ணால் காட்டும். காசு கொடுக்காதவருக்கு ஒரு பதிவுக்கு 30 வினாடிதான். அதற்குள் வீரத்தைக் காட்டி முடிக்க வேண்டும் என்ற கண்டிப்பு அக்காலத்து ஆட்டக்காரரிடையே ஒரு சுருக்கத்தை வளர்த்தது. 2013இல் அதன் கடைசிப் பதிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் என்விடியாவின் ஷேடோபிளே வந்தது. ஷேடோ என்றால் நிழல். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குள் படத்தைச் சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருப்பதால், ஆட்டத்தை அதிகம் இழுக்காமல் அது படம் பிடிக்கும். 2015இல் விண்டோஸ் 10 தன் பங்குக்குக் கேம் பார் என்ற ஒன்றைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஏஎம்டி, ரிலைவ் என்று ஒன்றை இறக்கியது. 2024 நவம்பரில் ஸ்டீமும் வந்து சேர்ந்தது. இப்போது ஒரே கணினியில் மூவரோ நால்வரோ நின்று ஒரே ஆட்டத்தைப் படம் பிடிக்கலாம். கல்யாண மேடையில் நாலு வீடியோக்காரர் ஏறி நின்றால் முகூர்த்தம் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஷேடோபிளேயின் செயல்முறை சத்திரத்துத் திண்ணை முறை. திண்ணையில் இருபது நிமிடத்துக்குத்தான் இடம். புதிதாக ஒரு வினாடி வந்து உட்கார்ந்தால் மறுகோடியில் பழைய வினாடி எழுந்து போக வேண்டும். நல்ல அடி விழுந்ததும் விசையைத் தட்டினால், அப்போது திண்ணையில் இருப்போர் அனைவரும் கோப்பாகி டிஸ்கில் குடியேறுவர். வினாடிக்கு 50 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 375 எம்பி, இருபது நிமிடத்துக்கு ஏழரை ஜிபி. ஏழரை என்ற எண் தற்செயலானதன்று என்க.

விசையியல் தனித்துறை. என்விடியாவில் ஆல்ட்டும் எஃப்10உம் சேர்ந்தால் நடந்து முடிந்ததைச் சேமிக்கும். ஆல்ட்டும் எஃப்9உம் சேர்ந்தால் இனி நடக்கப்போவதைப் பதியத் தொடங்கும். இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் இடையே விரல் அகலம்தான். பாண்டியன் ‘கொல்ல’ என்று நினைத்துக் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என உரை விரிப்போர் உண்டு. அதுவும் காலம் காட்டும் விசையில் நேர்ந்த பிழைதான். மேலும், ஆல்ட்டும் ஆரும் சேர்ந்தால் என்விடியா எண்களைக் காட்டும், ஏஎம்டி தன் கடையையே விரிக்கும். அத்துடன் விண்டோஸ் விசையும் கூடினால் மைக்ரோசாஃப்ட் பதிவைத் தொடங்கிவிடும்.

இவ்விடத்தில் ஆய்வாளன் தன் தன்னலத் தொடர்பை அறிவிக்கக் கடமைப்பட்டவன். சென்ற மாதம் மருமகன் ஒரே மூச்சில் மூன்று பேரைச் சாய்த்தான். அந்தக் கிளிப்பைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். மைக் திறந்திருந்தது. துப்பாக்கி வெடிக்கும் இடைவெளிகளில் ஓர் ஆண்குரல் தெளிவாகக் கேட்டது: “டேய், ஆட்டம் முடிஞ்சதும் கடைக்குப் போய் ரெண்டு பால்பன் வாங்கிட்டு வா. பாகு சொட்டணும். அத்தைக்குத் தெரியக் கூடாது.”

அவன் அத்தையாகிய என் மனைவி முழுவதையும் இருமுறை போட்டுக் கேட்டாள். “சுட்டது யாருன்னு எனக்குத் தெரியல. பால்பன் யாருக்குன்னு நல்லா தெரியுது” என்றாள். மறுநாள் காலையில் என்னை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். எச்பிஏ1சி என்ற அந்தச் சோதனை, சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்து ஏறத்தாழ மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஷேடோபிளேயின் இருபது நிமிடம் அதற்கு எம்மாத்திரம்? அதை அணைக்க விசையும் கிடையாது.

ஆகவே அணைக்கக்கூடியதை அணைப்பது என்று துணிந்தேன். ஓவர்லேயால் ஃபிரேம் குறைகிறது, டிஸ்க் நிறைகிறது என்று மருமகனுக்கு எடுத்துரைத்தேன். இரண்டும் உண்மையே, ஆயினும் அவை இரண்டாம் நிலைக் காரணங்கள்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அதனுள் கேமிங், அதனுள் கேப்சர்ஸ் என்று போனால், நடந்ததைப் பதியும் பொத்தான் இருக்கும்; அதை அணைக்க வேண்டும். என்விடியா செயலியில் இன்-கேம் ஓவர்லே என்ற பொத்தான். ஸ்டீமில் இரண்டு: ஆட்டத்தினிடையே எழும் திரைக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறப்பவர் உளர். பொறுமை இழந்து பவர்ஷெல்லில் கேம் பாரை வேரோடு பிடுங்குவோரும் உளர். அவர்கள் ஆட்டத்தைத் திறக்கும்போது, எம்எஸ்-கேமிங்ஓவர்லே என்ற இணைப்பைத் திறக்க ஒரு செயலி வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்கக்கூடும். பங்காளிச் சண்டையில் வீட்டைவிட்டு அனுப்பிய சித்தப்பா, விசேஷத்தன்று வாசலில் நின்று “பத்திரிகையில என் பேர் இல்லையே?” என்பது போல. அவரை உள்ளே உட்காரவைத்து, வாயை மட்டும் மூடச் சொல்வதே நலம். அதாவது செயலியை நீக்காமல் பொத்தானை மட்டும் அணைப்பது.

எல்லாம் அணைந்தபின் மருமகன் ஒரு சுற்று ஆடிப் பார்த்து, “ஸ்மூத்தா இருக்கு மாமா” என்றான். மைக் இல்லாத அறையில் எனக்கும் அவ்வாறே இருந்தது.

நான்காம் நாள், மாலை ஆறு மணி இருக்கும். பயல் ஐந்து பேரையும் தனியாளாகச் சாய்த்தான். நாற்காலியை விட்டு எழுந்து குதித்தான். ஆல்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்துத் திரும்பத் திரும்பத் தட்டினான். திண்ணையே இல்லை, யார் எழுந்து வருவது? நண்பர்களுக்கு ஃபோன் போட்டான். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பினான்.

“ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறாய்ங்க மாமா. நீங்க இங்கதான இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க” என்று ஃபோனை நீட்டினான். அதே நேரம் கீழே அத்தையின் குரல்: “உங்க மாமா அங்க இருக்காரா? வாக்கிங் போறேன்னு கிளம்பி ஒரு மணி நேரமாச்சு.”

பதில் சொல்ல முடியாதபடி என் வாய் நிறைந்திருந்தது. பாகு விரலில் ஒட்டியிருந்ததால் ஃபோனை வாங்கவும் இயலவில்லை. மேற்படி நேரத்தில் ஆய்வாளன் களத்தில் இருந்தான் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.