முன்னிலை வகித்தோர் வாழ்க

சும்மா சொல்லக் கூடாது, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகள் ‘இண்டக்ஷன் புரோகிராம்’ நடத்துகிற அழகே அழகு. திருச்சி சாலையில் போனாலும் சரி, திருமயம் சாலையில் போனாலும் சரி, தஞ்சாவூர் எல்லைப் பக்கம் போனாலும் சரி, கலந்தாய்வு முடிந்த கையோடு கல்லூரி வாசலில் வாழை மரம் கட்டிவிடுகிறார்கள். இதில் யாரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது? ஒருவரைச் சொன்னால் மற்றவருக்கு மனம் கோணும். ‘எங்களிடம் என்ன குறையைக் கண்டீர்?’ என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆகவே பொதுவாகவே பாராட்டிவிடுகிறேன். உரியவர்கள் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளை திடீரென்று பொறியியல் வகுப்பில் உட்கார்ந்தால் மிரண்டுபோகும், மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்ற யோசனை வடக்கே பிறந்தது. காந்திநகர் ஐஐடி 2011-இல் இதற்கென்றே ஐந்து வாரம் ஒதுக்கியது. பிறகு 2017-இல் ஏஐசிடிஇ, நாட்டிலுள்ள பொறியியல் கல்லூரிகள் எல்லாம் மூன்று வாரம் நடத்துங்கள் என்றது. அண்ணா பல்கலைக்கழகம் தன் 2021 பாடத்திட்டத்தில் இரண்டு வாரம் கட்டாயம் என்று போட்டு, ஐபி 3151 என்று எண்ணும் கொடுத்து, கிரெடிட் இடத்தில் பூஜ்யத்தை எழுதியது. இது முடிந்த பிறகுதான் வழக்கமான வகுப்பு தொடங்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தது. ஐந்து மூன்றானது, மூன்று இரண்டானது. பாலைக் காய்ச்சக் காய்ச்சத்தானே திரட்டுப்பால்? எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் நன்றாகச் சுண்டி, ஒரு தொடக்க விழா, நாலைந்து பேச்சு, ஒரு பஸ் பயணம் என்று கெட்டிப்பட்டுவிட்டது. மீதி நாட்கள் ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. எந்தக் குழு எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

தொடக்க விழாவைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். பத்து மணி விழாவுக்கு ஒன்பது மணிக்கே பிள்ளைகளை உட்காரவைத்துவிடுகிறார்கள். பதினொன்றே காலுக்குத் தாளாளர் கார் வருகிறது. பொறியாளனுக்குப் பொறுமை வேண்டாமா? குத்துவிளக்கில் முகம் ஐந்து. மேடையிலோ தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வரவேற்புரை ஒருவர், வாழ்த்துரை நால்வர், சிறப்புரை ஒருவர், நன்றியுரை ஒருவர், ஆகப் பதினொருவர். ஐந்து திரியைப் பதினொரு பேர் ஏற்ற வேண்டும் என்பது லேசான கணக்கு இல்லை. ஷூவை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வருகிறார்கள், மெழுகுவத்தி கை மாறுகிறது, ஏற்கெனவே எரிகிற திரிக்கே மறுபடி நெருப்பைக் காட்டுகிறார்கள். போட்டோகிராபர், ‘சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க’ என்கிறார். அவர் இந்தப் பக்கம் பார்க்க, மின்விசிறிக் காற்றில் அந்தப் பக்கத் திரி அணைய, இன்னொருவருக்கும் வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது. யார் மனமும் நோகாமல் அத்தனை பேரையும் கரையேற்றிய அந்த அமைப்பாளருக்கு மேலாண்மைப் பாடம் நடத்தும் தகுதி இருக்கிறது. பதினொரு சால்வையும் போர்த்தி முடிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

இடையில் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் எழுந்துவிட்டார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை என்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் பேசவிட்டார்கள், அந்தப் பெருந்தன்மையைச் சொல்லியாக வேண்டும். “எம்புள்ள கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியத்துல படிச்சதுங்கய்யா. இங்க எல்லாம் இங்கிலீசுல நடத்துனா அதுக்கு வெளங்குமா?” என்று கேட்டார். மேடையிலிருந்து உடனே பதில் வந்தது: “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ங்கய்யா. நீங்க இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.” கேசரி அருமையாக இருந்தது. முந்திரிகூடப் போட்டிருந்தார்கள்.

சிறப்புரை வெளியூர்த் தன்னம்பிக்கைப் பேச்சாளர். கலாம் சிறுவயதில் பேப்பர் போட்டார், எடிசன் எத்தனையோ தடவை தோற்றார், இன்ஜினீயரிங் என்பது படிப்பில்லை தம்பி, அது ஒரு தவம் என்றார். ‘இன்னும் பலமாக் கைதட்டுங்க’ என்று மூன்று தடவை கேட்டு வாங்கினார். வெட்கப்படாமல் கேட்டு வாங்கும் அந்தத் துணிச்சலாவது பிள்ளைகளுக்கு ஒட்டியிருக்கும். உள்ளூர் உதாரணம் எதுவும் சொல்லி அவர் நேரத்தை வீணாக்கவில்லை. சொல்லப்போனால் இந்த ஊரில் முத்துலட்சுமி ரெட்டி என்று ஒருவர் இருந்தார். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பையும் மீறித் தொண்டைமான் மன்னர் இடம் கொடுத்துச் சேர்ந்தவர். 1912-இல் டாக்டர் பட்டம், பிறகு சென்னை மாகாணச் சட்டமன்றம், பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று ஏதோ தன்னால் முடிந்ததைச் செய்தார். பாவம், அந்தக் காலத்தில் இண்டக்ஷன் கிடையாது. கிடைத்திருந்தால் எவ்வளவோ முன்னுக்கு வந்திருப்பார்.

பாடத்திட்டம் கொடுத்த அங்கங்கள் பல. அவற்றில் மனித விழுமியம்தான் நங்கூரம் என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. அதை இரண்டாம் நாள் காலையில் வைத்தார்கள். உண்மையான மகிழ்ச்சி பணத்தில் இல்லை, உறவில்தான் இருக்கிறது என்று பேராசிரியர் ஒருவர் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகள் உருகிப்போய் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி சீட்டுக் கொண்டுவந்தார். பேராசிரியர் அதையும் அதே குரலில் வாசித்தார்: பஸ் கட்டணத்தின் முதல் தவணையை மூன்று மணிக்குள் கவுன்ட்டரில் செலுத்திவிடவும். கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் இடையில் இவ்வளவு குறைந்த இடைவெளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விளையாட்டு, யோகா, வாசிப்பு எல்லாம் குறைவில்லாமல் பதிவேட்டில் நடந்தன. கலை என்ற தலைப்பில் மண்பாண்டம் செய்யப் பழக்கலாம் என்று பாடத்திட்டமே சொல்கிறது. ஐயனார் கோயில்களுக்கு ஆள் உயரத்துக்கும் மேலே மண்குதிரை வனைந்து, உடையாமல் சுட்டு எடுக்கிற வேளார்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து, அவ்வளவு பெரிய குதிரை சூளையில் ஏன் வெடிப்பதில்லை என்று பிள்ளைகளைக் கேட்கவைத்து இரண்டு தரப்பையும் சிரமப்படுத்தவில்லை. சினிமாப் பாட்டுக்கு ஒரு குத்தாட்டம், அதோடு கலை முடிந்தது.

உள்ளூர் பார்வைக்குச் சித்தன்னவாசல். இதைச் சற்று விரிவாகவே பாராட்ட வேண்டும். இரண்டு கல்லூரிப் பேருந்து, ஒரு பேனர். குகைக்கோயிலின் கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற துறவி என்று ஆயிரம் ஆண்டைத் தாண்டிய சமண ஓவியம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு பாறையில் எப்படிப் பிடித்தது, நிறம் எந்த மண்ணிலிருந்து வந்தது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எதனால் உதிர்ந்தது என்று சிவில் படிக்க வந்த பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் பாடமே அங்கே தலைக்கு மேல் தொங்குகிறது. தலையைத் தூக்கினால் கழுத்து வலிக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரையும் வெளியே பேனருக்குப் பின்னால் நிறுத்தி நேராகப் பார்க்கச் சொன்னார்கள். போட்டோ ஜியோ டேக் போட்டு எடுக்கப்பட்டது. அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் விழுந்திருந்தன. தரச்சான்றுக் குழுவுக்கு அதுதான் முக்கியம். பத்து பாகை சொச்சம் வடக்கில், எழுபத்தெட்டு பாகை சொச்சம் கிழக்கில் அந்தப் பிள்ளைகள் நின்றார்கள் என்பதை இனி எவரும் மறுக்க முடியாது. மேலே ஏறி ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகளைப் பார்க்க ஆசைப்பட்ட சிலரை, ‘வெயில் ஏறுது தம்பி, பஸ்ல ஏறுங்க’ என்று அக்கறையோடு தடுத்தார்கள். சங்கீதக் கல்வெட்டு இருக்கிற குடுமியான்மலை பக்கத்தில்தான். அங்கே போகவில்லை. ஒரு போட்டோவுக்கு ஒரு இடம் போதும்.

பாடத்திட்டத்தின் அங்கங்களில் இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. ஆங்கிலம், கணினிப் பழக்கம் போன்றவற்றில் பின்தங்கி வருகிற பிள்ளைகளைத் தேற்றிவிடுவதற்கான பயிற்சி. தமிழக அரசு 2021-இல் சட்டம் போட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கியது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் தானே கட்டுகிறது. பன்னிரண்டு வருஷம் தமிழில் கணக்குப் போட்டுவிட்டு வந்த அந்தப் பிள்ளைக்கு 2021 பாடத்திட்டத்தின் முதல் செமஸ்டரிலேயே ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ ஒரு பக்கம், பைத்தான் புரோகிராமிங் ஒரு பக்கம் நின்றது. இந்த இக்கட்டைக் கல்லூரிகள் உணராமல் இல்லை. உணர்ந்துதான் முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தின் அவசியத்தை ஆங்கிலத்திலேயே எடுத்துச் சொன்னார்கள். கடைசியில், யாருக்காவது புரியவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஒரு கையும் உயரவில்லை. அனைவரும் புரிந்துகொண்டனர் என்று குறித்துக்கொண்டார்கள்.

கணினிக்கும் குறை வைக்கவில்லை. ஆய்வகத்துக்கு வரிசையாகக் கூட்டிப்போனார்கள். உறை போர்த்தி, தூசு தட்டி, விரல் ரேகை ஒன்றுகூடப் படாமல் கண்ணாடிக்கு அந்தப்புறம் அவை பளபளவென்று இருந்த கோலம் கண்கொள்ளாக் காட்சி. தொட்டுத் தொட்டு எழுத்து அழிந்த கீபோர்டு பக்கத்துக் கல்லூரியில் வேண்டுமானால் இருக்கும்.

இதையெல்லாம் பார்க்கும்போது இந்த மாவட்டத்தின் பழைய காலத்தை நினைத்து வெட்கமாக இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் என்று ஒன்று நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஒழுங்கு முறையே தெரியாதவர்கள். முதல் வேலையாக வீடு வீடாகப் போய், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கணக்கெடுத்தார்கள். தெரியாததை எதற்கு அம்பலப்படுத்துவது? அதோடு விட்டார்களா, கல்லுடைக்கிற பெண்கள் இருக்கிற இடத்துக்கே போய், அவர்களுக்கு ஒழிகிற நேரம் பார்த்து, அவர்கள் பேசுகிற தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சால்வையும் இல்லை. போதாக்குறைக்குப் பெண்களை சைக்கிள் வேறு ஓட்டவைத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டு, முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் புத்தகத்தில் எழுதி உலகத்துக்கே தெரியப்படுத்திவிட்டார். குத்துவிளக்கோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இவ்வளவு போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டிருக்காது. அந்த மாதிரித் தவறு எதுவும் இப்போது நடப்பதில்லை. யாருக்கு என்ன தெரியாது என்று ஒரு கல்லூரியும் கணக்கெடுப்பதில்லை. பிள்ளைகளின் மானம் காப்பாற்றப்படுகிறது.

கொடுத்துவைத்தவர்கள் என்றால் துணைக் கலந்தாய்வில் வருகிற பிள்ளைகள்தான். பிளஸ் டூவில் ஒரு பாடம் கோட்டைவிட்டு, துணைத் தேர்வு எழுதித் தேறி, கடைசியில் கிடைத்த இடத்துக்கு வந்து சேர்பவர்கள். பழக்கிவிட வேண்டும் என்றால் முதலில் பழக்க வேண்டியது இவர்களைத்தான் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் வந்து சேரும்போது பந்தல் பிரித்தாகிவிட்டது, கேசரியும் தீர்ந்துவிட்டது. நேராக வகுப்புக்குப் போய், கரும்பலகையில் பாதி ஓடிக்கொண்டிருக்கிற கணக்கில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அச்சம் என்பது இல்லாத தலைமுறையை உருவாக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கடைசி நாள் கருத்துக் கேட்பு. பெரிய திரையில் கியூஆர் கோடு போட்டு எல்லோரையும் ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ‘மிக நன்று’, ‘நன்று’ என்று இரண்டே விடை. குழப்பத்துக்கு இடமில்லை. அனுப்பினால்தான் சான்றிதழ் வரும் என்றதால் நெட் கிடைக்காத பிள்ளைகள்கூடப் பக்கத்தில் இருப்பவனிடம் ஹாட்ஸ்பாட் வாங்கி அனுப்பினார்கள். அறிமுகமில்லாத பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அப்போதுதான். இண்டக்ஷனின் முதன்மை நோக்கம் அந்தக் கணத்தில் நிறைவேறியது. சான்றிதழும் வந்தது. சிலர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் செமஸ்டர் முடிவு வந்தது. கணக்கில் ஒரு வரிசை, பைத்தானில் ஒரு வரிசை என்று அரியர் விழுந்திருந்தது. துறைத் தலைவரைக் கேட்டேன். “என்ன சார் பண்றது, தமிழ் மீடியம் பசங்க, பேசிக்கே இல்ல” என்றார். முதல் நாளிலிருந்து கண்முன்னே உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் எது இல்லை என்பதை மறு ஆண்டில் இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். சும்மாவும் இருந்துவிடவில்லை. அரியர் வைத்தவர்களை மட்டும் திரட்டி அவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி நடத்தப் போகிறார்களாம். அதே தன்னம்பிக்கைப் பேச்சாளரிடம் தேதி கேட்டிருக்கிறார்கள். முன்னிலை வகிப்பவர்களின் பட்டியல் தயாராகிவிட்டது.