டைல்ஸ் திணை: குளியலறைச் சுவரின் முதல், கரு, உரிப்பொருள்கள்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக் குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்ட என்னென்ன பொருள்கள் வேண்டும் என்ற வினாவுக்குக் கடைக்காரர் ஒரு விடை சொல்கிறார். மேஸ்திரி வேறொரு விடை சொல்கிறார். வீட்டுக்காரர் இரண்டுக்கும் பணம் கொடுக்கிறார். இக்குழப்பத்தைத் தீர்க்க, தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பகுப்பை இக்கட்டுரை சுவருக்குப் பொருத்திப் பார்க்கிறது. பொருள் பட்டியல் வேலைக்கு முன் எழுதப்படுவதன்று, வேலை முடிந்தபின் தொகுக்கப்படுவது என்பதே நாம் நிறுவ முயலும் கருத்து.

1. முதற்பொருள்

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். நிலமாவது 8-க்கு 5 அடிக் குளியலறை. சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவைக் கழித்தால் 164.5. உடைசலுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்து கூட்டினால் ஏறக்குறைய 181. அதாவது கழித்த கதவு, சேதாரம் என்ற பெயரில் ஒரு சதுர அடி மட்டும் இளைத்துத் திரும்பி வந்துவிடுகிறது. 12-க்கு 18 அங்குல டைல்ஸ் பெட்டிக்கு 6 வீதம் வந்தால், கதவைக் கழித்துச் சேதாரம் கூட்டியவரும், இரண்டையும் செய்யாத சோம்பேறியும் வாங்குவது அதே 21 பெட்டிதான்.

இங்கே ஒரு நுட்பம். 12 அங்குலம் என்பது கடையில் வழங்கும் பெயர். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வரும் உடல் 300 மி.மீ. தான். 12 அங்குலமோ 304.8 மி.மீ. குறையும் 4.8-இல் இரண்டை, டைல்ஸுக்கு இடையே செருகும் ஸ்பேசர் ஈடுகட்டும். மீதி 2.8 மி.மீ. எங்கே போயிற்று என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பில்லில் அது இருக்கிறது என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

பொழுது இருவகை. சிறுபொழுது இரண்டு: காலை 11 மணி டீ, மாலை 4 மணி டீ. பெரும்பொழுது ஒன்றே, அது "நாளைக்கு" எனப்படும்.

2. கருப்பொருள்

தெய்வம், மேஸ்திரி. உணவு, டீயும் வடையும். பறை, தெரு முழுக்கக் கேட்கும் கட்டிங் மிஷின். யாழ், ஜன்னல் கம்பியில் தொங்கும் செல்போனில் இளையராஜா. எஞ்சிய கருப்பொருள்களை வகுக்குமுன், ஒட்டுவது எது என்பதில் நிலவும் கட்சிகளை அறிய வேண்டும்.

சிமெண்ட் கட்சியார் பூச்சைக் கொத்திவிட்டு, சுவரை நனைத்து, டைல்ஸைத் தொட்டித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறப்போடுவர். இதற்குக் காரணமுண்டு. செராமிக் சுவர் டைல்ஸின் உடல் தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கவல்லது. காய்ந்த நிலையில் ஒட்டினால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகாமல் தூளாகப் போகும்.

பசைக் கட்சியார் 20 கிலோ அட்ஹெசிவ் பையை நம்புவர். தண்ணீரில் குழைத்து, பல் வைத்த கரணையால் 3 முதல் 6 மி.மீ. கனத்துக்குச் சீவி ஒட்டுவர். ஊறவைப்பது இங்கே விலக்கு. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத் தண்ணீர்கூடக் குடிக்காது. வெறும் சிமெண்டுக்கு அதன் முதுகில் பிடிப்பு கிடைக்காது. அவ்விடத்தில் இக்கட்சிக்கே வெற்றி.

இவ்விரண்டையும் ஒரே சட்டியில் கலப்போர் மூன்றாமவர். இவர்கள் கூட்டணியார். பையில் அச்சிட்ட அறிவுரை இவர்களைக் கட்டுப்படுத்தாது. அதைப் படித்தால்தானே கட்டுப்படுத்தும்.

கருவிகளும் இருவகைப்படும். மேஸ்திரி கொண்டுவருவன: ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், டியூப் லெவல், ரப்பர் சுத்தியல். கொண்டுவராதன: பக்கெட், மக்கு, துடைப்பம், துடைக்க ஒரு பழைய வேட்டி. பின்னவை வீட்டிலிருந்து "ஒரு நிமிஷம்" என்று எடுக்கப்படுவன. சிமெண்ட் ஏறிய பக்கெட் மீண்டும் குளிக்கப் பயன்பட்டதாகச் சான்றில்லை. ஆகவே புதுப் பக்கெட்டையும் பட்டியலில் சேர்ப்பதே முறை.

ஸ்பேசர், கிரவுட், வெள்ளைச் சிமெண்ட், மூலைக்குப் பிவிசி பட்டை ஆகியன ஒவ்வொன்றாக வெளிப்படும் இயல்பின. வீட்டுக்காரர் ஒன்றை வாங்கி வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போடும் கணமே அடுத்தது வெளிப்படும் கணம்.

3. உரிப்பொருள்

புணர்தல், டைல்ஸும் சுவரும் சேர்வது. ரப்பர் சுத்தியலால் தட்டும்போது 'டொக்'கென்று வெற்றொலி கேட்டால் உள்ளே கலவை சேரவில்லை. அது பிரிதலுக்கு நிமித்தம்.

இருத்தல், காத்திருப்பது. ஒட்டியபின் ஒருநாளாவது விட்டே இணைப்புகளில் கிரவுட் அடைக்க வேண்டும். சுவரின் அடிவரிசையும் இருத்தலுக்கு உரியது: தரை டைல்ஸ் தண்ணீர் வாட்டம் பார்த்துப் போட்ட பிறகே அவ்வரிசை நிரம்பும். அதுவரை இரண்டாம் வரிசை ஒரு மட்டப்பலகையின் மேல் உட்கார்ந்திருக்கும்.

ஊடல், நிறம் பற்றியது. கீழே டார்க், நடுவே ஹைலைட்டர், மேலே லைட் என்ற வைப்புமுறையில் கணவன் மனைவியரிடையே சிக்கல் இல்லை. ஹைலைட்டரில் டால்பினா, ரோஜாவா என்பதில்தான் ஊடல் தோன்றும். "ரெண்டுல எது போட்டாலும் நல்லாதான்மா இருக்கும்" என்று கடைப்பையன் வாயில் வேடம் பூணுவான்.

இரங்கல், பில்.

4. மேலாய்வுக்குரியன

மிஞ்சும் டைல்ஸ் பரண் ஏறுவது எங்கும் காணப்படும் வழக்கம். அதற்கு நியாயமும் உண்டு: சூளையில் ஒவ்வொரு தடவைக்கும் நிறம் சற்றே மாறும், பெட்டியில் பேட்ச் எண் அச்சிடுவது அதனால்தான். பின்னாளில் குழாய்க்காரர் சுவரை உடைத்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. ஆனால் குழாய்க்காரர் வரும் நாளில் பரணில் இருப்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

வேலை முடிந்தபின் தொகுத்த முழுப் பட்டியல், அடுத்த வீட்டில் டைல்ஸ் போடுவோருக்கு வழிகாட்டுமா என்பது இறுதி வினா. காட்டாது. அவர்கள் மேஸ்திரி வேறு கட்சி.