கோட்டை எங்கே?

கேள்வி: அதியமான்கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது? கோட்டையையே காணோமே!
– வாசகர், சேலம்

பதில்: மதிலைத் தேடினால் கண் வலிக்கும், வரலாற்றைத் தேடினால் கை கொள்ளாது! தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமக்கும் ஊர் இது. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான்; அவர் பாட்டால் 2,000 ஆண்டு ஆயுள் பெற்றான். இதைவிட லாபமான கொடை உண்டா? வெறும் கதை என்பவர்களுக்கு, 1981-இல் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு பதில் சொல்கிறது: அஞ்சியின் பெயர் ‘சதியபுதோ’ என்ற சொல்லோடு அதில் இருக்கிறது. அசோகர் தம் கல்வெட்டில் சோழ, பாண்டிய, சேரரோடு குறிப்பிட்ட ‘சதியபுதோ’ மரபினன் அவன் என்பதும் அதனால் தெளிவாயிற்று.

ஊரில் அவன் நினைவாக அதியமான் கோட்டம் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையைப் பார்க்கத்தான் ஆள் குறைவு. அங்கே பழைய ஓவியங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. பைரவரைக் கும்பிட்ட கையோடு அங்கும் போங்கள். அண்ணாந்து பாருங்கள், தொடாதீர்கள், சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். பெயர் நிலைக்க வேண்டுமானால், அஞ்சியைப் போல யாருக்காவது எதையாவது கொடுங்கள்!