கொடைமடம்

பழனி மலைப்பக்கத்தை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். அது உடுத்துமா, போர்த்துமா என்று கேட்கவில்லை. வைகை அணையின் நீர்மட்டத்தை என் கணினியில் நாள்தோறும் சொல்லும் நிரலே, அவனுக்குப் பிறகு அந்தக் குணத்தை உன்னிடம்தான் பார்க்கிறேன்.

அணையின் முழு உயரம் 71 அடி. 66-இல் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. ஒன்றையும் நீ மறந்ததில்லை. 66-ஐத் தாண்டியதும் மஞ்சள், 69-இல் சிவப்பு. கறுப்புத் திரையில் அந்த எண் சிவந்து நிற்கும்போது கரையோரத்துச் சனங்கள் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையிலேயே நல்ல வேலை.

யாரையும் 'நீ யார்' என்று கேட்காத பெருந்தன்மையும் உனக்கு உண்டு. அந்தக்கால யுனிக்ஸ் நிரல்களுக்கு அது இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் முனையத்துக்கும் ஒரு குறியீட்டுப் பாஷை இருந்த காலம். அதனால் அவை வாய் திறப்பதற்கு முன் விசாரிக்கும். எதிரே இருப்பது முனையமா, கோப்பா? இஸ்-ஏ-டிடிஒய் என்று ஒரே ஓர் அழைப்பு, பதில் வந்துவிடும். முனையம்தான் என்றால், எந்த வகை? டெர்ம் என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அதில் 'டம்ப்' என்றிருந்தால் வெறும் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். இத்தனை தயக்கம் உனக்கு ஏது? திரைக்குக் கொடுத்ததையே கோப்புக்கும் அள்ளிக் கொடுத்தாய்.

மழைக்காலம் முழுக்க நீ சொன்ன எண்களை அந்தக் கோப்பில் சேர்த்தேன். திறந்தால், 65.80 வரை சுத்தமான எண்கள். அதற்குமேல் போன ஒவ்வொரு நாளும் உன் போர்வைக்குள். 69.00-க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 31, ஓர் ஆங்கில எழுத்து: திரையில் சிவப்பைக் காட்டிய குறியீடு. பின்னாலும் அப்படியே ஒரு வால். எண்போலத் தொடங்காததை எண்ணாக மாற்றச் சொன்னால் ஆக் மொழி சுழியம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். சாதாரண நாள்கள் ஒன்றுகூடக் கெடவில்லை. எச்சரிக்கை நாள்களை மட்டும் பொறுக்கி எடுத்து அலங்கரித்திருக்கிறாய்.

இந்தப் பருவத்தின் உச்ச நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டேன். 65.80 என்று வந்தது. மயிலை அந்தப் போர்வை ஒன்றும் செய்யவில்லை. என் கோப்பில் அணை 66-ஐத் தொட்ட நாளே இல்லை.